இடது கால்

திங்கட்கிழமை காலை
முப்பத்தேழாம் நம்பர் மாதிரியில் இடது காலைக் காணோம்.
வலது மட்டும் என் மேசைமேல்
மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.
டில்லிபாபுவுக்கு ஒரு மெயில் போட்டேன்,
ஒரே வரி: நீங்க எடுத்தீங்களா?

டில்லிபாபு அதை எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

தோல் பார்ப்பவர், நிறம் பார்ப்பவர்,
கேட்டில் லாரிக்குச் சீட்டு கொடுப்பவர்,
இரண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டுப்போன
மேல்விஷாரம் சபிஹா வரைக்கும் போயிற்று
ஒரு கால் தொலைந்த சேதி.
வியாழனுக்குள் அறுபத்துநான்கு பதில்.
பார்த்தேன் என்று இருபத்தோரு பேர்.
ஷூவை இல்லை, மெயிலை.

நடுவில் நானும் ஒன்று கேட்டிருந்தேன்:
வெள்ளிக்கிழமை ஓட்டு, லீவு உண்டா?
அதற்கு மட்டும் ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
'சம்பளத்துடன் விடுமுறை. ஜனநாயகக் கடமை ஆற்றுவீர்.
குறிப்பு: ஷிப்மெண்ட் உள்ள பிரிவினர்
வாக்களித்துவிட்டு பத்து மணிக்கு வரவும்.'
ராணிப்பேட்டையில் எந்தப் பிரிவுக்கு
ஷிப்மெண்ட் இல்லை?

ஆற்காடு, தோப்புக்கானா பள்ளிக்கூடம்.
ஏழு மணிக்கே வெயில் வரிசையில் நின்றுவிட்டது.
எனக்கு முன்னால் நசீமா அக்கா
பூத் சிலிப்பைச் சுருட்டிச் சுருட்டி
பீடியாகவே ஆக்கிவிட்டாள்.
நூல் கட்டாததுதான் பாக்கி.
'கைக்கு வேற தெரியாதும்மா' என்று
அசடு வழிய பிரித்துக் கொடுத்தாள்.

பட்டியலில் நான் பானுரேகர்.
ஆண். வயது முப்பத்தொன்று.
திருத்தச் சொல்லி மூன்று தடவை மனுப்போட்டாயிற்று.
'பரிசீலனையில் உள்ளது.
இது தானியங்கி மின்னஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்.'
என் வாழ்க்கையில் பதில் வேண்டாமென்று சொன்ன
ஒரே மெயில் அதுதான்.
அதற்குத்தான் பக்கம் பக்கமாக எழுத ஆசை.

பானுரேகர், என்று அதிகாரி உரக்கப் படித்தார்.
கூட்டணி எதுவும் பேசாமலே
எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் சேர்ந்து சிரித்தார்கள்.
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
போட்டோ நான்தான் என்று நம்ப
அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எனக்கும்.

'இடது' என்றார் மை வைப்பவர்.
சட்டென்று குனிந்து காலைப் பார்த்தேன்.
'கைம்மா, கை.'

அட்டை மறைப்புக்குள் யாருமில்லை.
அழுத்தினேன். நீளமாக ஒரு கூவல்.
ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் நின்றது
ஒரு துண்டுச் சீட்டு.
யாருக்கும் நகல் போகவில்லை.
அவசரம் என்று சிவப்புக்கொடி இல்லை.
அனுப்பியதைத் திரும்ப வாங்கும் பொத்தானை
விரல் தேடியது, பழக்கதோஷம்.
அதற்குள் சீட்டு விழுந்துவிட்டது.

பாலாற்றுப் பாலம் தாண்டி
பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் கேட்டில் இருந்தேன்.
மை நகத்திலிருந்து வழிந்து
விரல் நுனியில் காய்ந்திருந்தது.
வருகை மெஷினில் வைத்தேன்: மறுபடி முயற்சிக்கவும்.
துடைத்து வைத்தேன்: மறுபடி முயற்சிக்கவும்.
காலையில் பட்டியல் ரேகாவைத் தின்றது,
இப்போது மை ரேகையை.
'வேற விரல் வெச்சிப் பாரும்மா' என்றார்
வாட்ச்மேன் ஏகாம்பரம்.
வேறு விரல் எதையும்
கம்பெனி என்னிடம் கேட்டு வாங்கியதில்லை.

விரலைப் படம் பிடித்து மெயிலில் இணைத்தேன்:
வந்திருக்கிறேன், ஆப்சென்ட் போட வேண்டாம்.
நொடியில் பதில்.
'வாக்களிப்பதற்காக இன்று விடுமுறையில் உள்ளேன்.
திங்களன்று தொடர்புகொள்கிறேன்.'

மேசையில் வலது கால்
இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.
அறுபத்தைந்தாவது வந்திருந்தது, சபிஹாவிடமிருந்து.
'பானு, எப்படி இருக்கே?
இந்த ஐடிக்கு இன்னும் மெயில் வருது, நிறுத்தச் சொல்லிடாதே.
இங்க ஸ்கூல்ல இப்பதான் வரிசை குறைஞ்சுது.
நீ ஓட்டுப் போட்டியா?'

எல்லோருக்கும்தான் அனுப்பியிருந்தாள்.
எல்லோருக்கும் பதில் எழுதினேன்:
போட்டேன்.